குனிந்து வந்த கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை தேனி புறவழிச்சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். வாசலில் துணிப்பூக்களால் வளைவு வைத்திருந்தார்கள். லாரியே நுழையலாம், அவ்வளவு உயரம். நான் குனிந்துகொண்டே உள்ளே போனேன். கூட வந்த அக்கா மகள், "என்ன சித்தி, வானம் இடிக்குதா?" என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் நிமிர்வதற்குள் மூன்றடி நடந்துவிட்டேன். கழுத்துக்கென்று தனி ஞாபகம் இருக்கும்போல. கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்தாலே என்னைக் கேட்காமல் குனிந்துகொள்கிறது.

என்ன செய்ய, என் கல்யாணம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நடந்தது.

சுருளிப்பட்டிப் பக்கம் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடி. நிமிர்ந்தால் தலை இடிக்கிற உயரம்தான் இருக்கும். எங்கள் வீடு இருந்த தெருவிலோ எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்ட வேண்டும். பந்தல் எங்கே போடுவது என்று பேச்சு வந்தபோது பெரியப்பா சொன்னார்: "வருசம் பூராம் ஒரு பந்தலக் கட்டிக்கிட்டு அழுகுறேன். அதுக்குக் கீழ ஒரு நல்லது நடக்க வேணாமா?"

"இம்புட்டுக்காணு ஒசரத்துல மாப்பிள்ளை எப்பிடிண்ணே நிப்பாரு?" என்றார் சித்தப்பா.

"நிப்பாருடா. ஆளு கொஞ்சம் குட்டைதான். பாத்துட்டுத்தான வந்துருக்கேன்."

அப்படித்தான் எனக்கு வரப்போகிறவரைப் பற்றிய முதல் செய்தி எனக்குக் கிடைத்தது.

காய் வெட்டி முடித்திருந்த சமயம். அடுத்து கொடியை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும். செய்தால் இலை போய்விடும், வெறும் கம்பிதான் மிஞ்சும். நிழலுக்காகப் பெரியப்பா கவாத்தைத் தள்ளிப்போட்டார். கவாத்தைத் தள்ளினால் அடுத்த காயும் தள்ளிப்போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கம்பத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே நோட்டில் கவிதை எழுதுவேன். பெண்ணே எழு, பெண்ணே உடை, பெண்ணே கொளுத்து. தலைவிரி கோலமாக நிறையக் கட்டளைகள்.

அந்தப் பந்தலுக்கு ஒரு வாசனை உண்டு. உதிர்ந்த பழத்தின் புளிப்பும் ஈரமண்ணும் மருந்துக்குக் கரைத்த மயில்துத்தமும் கலந்த ஒன்று. இலைகளில் பேனா மை கொட்டியதுபோல் நீலத் திட்டுகள். என் பட்டுப்புடவைத் தலைப்பில் ஒரு நீலப் புள்ளி இன்றுவரை போகவில்லை. போட்டோக்காரர் முட்டி போட்டபடியே எடுத்ததால் ஆல்பம் முழுக்க மோவாய்கள். முகங்களில் இலை நிழல். யார் அழுதார்கள், யார் தூங்கினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

சமையலும் எங்கள் ஆட்கள்தான். மலைக்கு ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஆளுக்கொரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுவந்தார்கள். ஒருத்தி பொட்டலத்தைப் போட்டு இன்னொருத்தி பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எல்லாமே பாயசத்துக்குள் போயிற்று. முதலில் ருசி பார்த்த மாமா ஒருவர், "ஏத்தா, இது பாயசமா, காய்ச்சக் கசாயமா?" என்றார். கிண்டிக்கொண்டிருந்த அத்தை கரண்டியை நிறுத்தாமல், "இன்னொரு தம்ளரு குடிங்க, மறு கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பிருவீக" என்றாள்.

அடுப்படி என்பது பம்புசெட் அறையை ஒட்டி மூன்று கல் அடுப்புகள். பந்தலிலிருந்து இருபதடி இருக்கும். அங்கேதான் என் அம்மா இருந்தாள். நான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்ததே அங்கே போய்ச் சேரத்தான்.

அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. புருசனை இழந்தவள் மணைப் பக்கம் வரக்கூடாது, தாலியைத் தொடக்கூடாது. பெற்றவளாக இருந்தாலும் அதேதான். பெரியப்பா அதை ஒரு வார்த்தைகூடக் கடுமையாகச் சொல்லவில்லை. "அடுப்படி பூராம் ஒன் பொறுப்பு தாயி. ஒன்ன விட்டா யாரு இருக்கா?" என்றார். அன்பாகச் சொன்னதால் எதிர்த்துப் பேச இடமில்லாமல் போயிற்று.

விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலோடு அம்மாவிடம் போய் நின்றேன்.

"நீ வந்து பக்கத்துல நிக்காட்டி நான் மணையில உக்கார மாட்டேன்."

"பெறகு எங்கன உக்காரப் போற, தண்ணித் தொட்டிக்குள்ளயா?"

"நெசமாத்தாம்மா சொல்றேன்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன், ஒலை கொதிக்குது, தள்ளு. நான் அங்கன வந்தா ஆளுக்கொண்ணு பேசுவாக. நாளைக்கு ஒனக்கு ஒரு தலைவலி வந்தாலும் அதத்தான் சொல்லுவாக." குனிந்து விறகை உள்ளே தள்ளினாள். "போயித் தலையத் தொவட்டு. சளி பிடிக்கும்."

நான் போய்த் தலையைத் துவட்டினேன். புடவை கட்டிக்கொண்டேன். மணையில் உட்கார்ந்தேன். நோட்டிலிருந்த கட்டளைகளில் ஒன்றுகூட எனக்குத் துணைக்கு வரவில்லை.

உட்கார்ந்த உயரத்திலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். மேளம் நின்றது. தேங்காய் மேல் தாலியை வைத்து, மஞ்சள் அரிசியோடு தட்டு கூட்டத்துக்குள் புறப்பட்டது. வந்தவர்கள் தொட்டுக் கும்பிட்டு அனுப்ப வேண்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு போனது என் கணவரின் அக்கா, எனக்கு மதினி. தேவதானப்பட்டிக்காரர். படிப்பு அஞ்சாம் வகுப்பு. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வேனை விட்டு இறங்கியதிலிருந்து மூன்று தடவை கொண்டை கம்பியில் மாட்டி, "இதென்னடா கல்யாணமா, கோழிக் கூண்டா?" என்று திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அரக்குப் புடவைக் கரை வரிசை வரிசையாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் அது நின்றது.

"எல்லாரும் தொட்டாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. கொண்டாங்க, நேரமாகுது" என்றார் பெரியப்பா.

"அடுப்படியில ஆளுக இருக்காகள்ல?"

"அவுக... வேலையா இருக்காக."

"இருக்கட்டும். திங்கிறதுக்கு மட்டும் அவுக ஆக்குன சோறு வேணும், இதத் தொடுறதுக்கு அவுக கையி ஆகாதா?"

ஒரு கால்கூட அசையவில்லை. மாப்பிள்ளையின் அக்கா சொல்வதை மறுத்துப் பேசப் பெண் வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மருமகள்களை மூலையில் உட்கார்ந்து அழவைத்த அதிகாரம் அது. அன்று ஒரு நாள் அது வேறு வேலையாகக் கிளம்பியது. பெரியப்பாவின் பாதங்கள் மெல்ல ஓரம் ஒதுங்கின. வழியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கொடியைக் கையால் உயர்த்திப் பிடித்தார்.

"பாத்து, கம்பி இடிக்கும்" என்றார்.

"இனிமே இடிக்கிறதுக்கு என்ன இருக்கு, கொண்டையே போச்சு."

அரக்குக் கரை பந்தலைத் தாண்டி வெயிலுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததைப் பாயசம் கிண்டிய அத்தை சொல்லித்தான் தெரியும். அம்மா அப்போதுதான் சோறு வடித்துக்கொண்டிருந்தாளாம். தட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாளாம். "கையெல்லாம் கஞ்சி மதினி" என்றாளாம், மகளின் நாத்தனாருக்கு என்ன முறை சொல்வது என்றுகூடத் தெரியாமல். "கஞ்சிதான? காஞ்சிரும். தொடுங்க" என்று தட்டை நீட்டிக்கொண்டே நின்றாராம் அவர். அம்மா தொட்டது மட்டுமில்லை, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம்.

என் கழுத்தில் கட்டியபோது மஞ்சள் கயிற்றில் ஓர் இடம் மட்டும் பிசுபிசுத்தது. சாயங்காலத்துக்குள் அந்த இடம் விறைத்து, திரும்பும்போதெல்லாம் பிடரியில் லேசாகக் குத்தியது. மாப்பிள்ளை வீட்டுக்கு, தேவதானப்பட்டி போய்ச் சேரும்வரை என் ஒரு விரல் அதன் மேலேயே இருந்தது.

மூன்றாம் மாதம் வழக்கப்படி தாலி பிரித்துக் கோர்த்தார்கள். பழைய கயிறு ஆற்றோடு போயிற்று. அந்த ஒரு அங்குலத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பெரியப்பா காலமானபின் பந்தலைப் பிடுங்கி வாழை வைத்தார்கள். இப்போது அதுவும் இல்லை, மனையிடங்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். அம்மா அந்தக் காலைப்பொழுதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அவளும் போய்விட்டாள்.

அம்மாவின் காரியத்துக்கு மதினி வந்திருந்தார். முட்டி போய், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். எல்லாரும் கிளம்பிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"மதினி, அன்னைக்கு அம்மாகிட்டத் தட்டக் கொண்டுபோனீகளே, எப்பிடித் தோணுச்சு?"

"எந்தத் தட்டு?"

சொன்னேன். பெரியப்பா கொடியைப் பிடித்ததுவரை சொன்னேன். யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோல ஆர்வமாகக் கேட்டார்.

"நானா? அப்பிடியா போனேன்?" என்று யோசித்தார். "தாகமா இருந்துருக்கும் தாயி. தண்ணி குடிக்கப் போயிருப்பேன்."