கூட்டத்தில் நானும் ஒருத்தி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். எழுதுவதும் மெதுவாகத்தான், எனக்கு என்ன அவசரம்? ஆனால் காற்பந்தாட்டத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசியக் கிண்ணப் போட்டி நம் சிங்கப்பூரில் நடந்தபோது நான் காலாங் அரங்கத்துக்குள் இருந்தவள். நாம் இந்தியாவை இரண்டு கோல் போட்டு ஜெயித்த அன்றைக்கும் இருந்தேன். நாற்பது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நம் அணி மறுபடியும் ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றிருக்கிறது. அப்போது போட்டி நடந்த வீடு நம்முடையது என்பதால் பந்தியில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை ஆடி ஜெயித்து இலை பிடித்திருக்கிறோம். செய்தி வந்த வாரம் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் எங்கள் மேசையில் வேறு பேச்சே இல்லை.

எங்கள் மேசை என்றால் மூன்று பேர். நான், புக்கிட் பாத்தோக்கிலிருந்து என்னோடு ரயிலில் வரும் பக்கத்து வீட்டுக்காரி, அப்புறம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பி. தம்பி என்றாலும் எழுபதைத் தொட்டுவிட்டார். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று முப்பது வருடம் எழுதிய கை சும்மா இருக்குமா? இப்போது ஆசியக் கிண்ணத்தை எழுதுகிறது. எந்த நாடு எத்தனை தடவை வந்தது, எத்தனை கோல், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், எல்லாம் ஒரு தடித்த நோட்டில் கட்டம் கட்டமாக இருக்கும்.

அன்றைக்கு நோட்டைத் திறந்து வாசித்தார். "சிங்கப்பூர். வந்தது ஒரு தடவை. ஆட்டம் நாலு. வெற்றி ஒண்ணு."

"அந்த ஒண்ணுலதான் நான் இருந்தேன்," என்று அந்த ஆட்டத்தின் வரியில், பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கை மேல் விரலை வைத்தேன். "இதுல நானும் ஒருத்தி."

"டிக்கெட் வாங்குனீங்களா அக்கா?"

"எனக்கு எதுக்கு டிக்கெட்? உள்ள தண்ணிக் கடையில வேலை. பின்வாசல் வழியா போவேன்."

"அப்போ நீங்க இதுல இல்ல. இது டிக்கெட் எண்ணிக்கை லா."

பக்கத்து வீட்டுக்காரி வடையைப் பிட்டபடி சிரித்தாள். "போச்சு! நாப்பது வருஷக் கதை ஒரே கட்டத்துல முடிஞ்சுச்சு."

எனக்கு வந்ததே கோபம். "அத்தன பேருக்கும் ஐஸ் போட்டு சிராப் தண்ணி கலக்கிக் குடுத்தவ நான். நான் இல்லாட்டி ஒருத்தன் தொண்டையிலேருந்தும் சத்தம் வந்திருக்காது. என்னைய விட்டுட்டு என்னய்யா எண்ணிக்கை?"

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மேசையை மட்டும் மாற்றவில்லை. அது நான் பிடித்த மேசை.

அடுத்த வாரம் அவரே இறங்கி வந்தார். "கோவத்த விடுங்கக்கா. எண்ணிக்கைய மாத்த முடியாது. ஆனா பக்கத்துல குறிப்புன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. நேர்ல பார்த்தவங்க சொன்னதுன்னு அதுல எழுதுறேன். ரெண்டாவது கோல் தலையால அடிச்சதா, காலால அடிச்சதா? எனக்கு அன்னிக்கு டூட்டி."

பேனா மூடியைக் கழற்றிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கடை பார்வையாளர் படிகளுக்குக் கீழே இருந்தது. அங்கிருந்து மைதானம் தெரியாது. ஏறி இறங்கும் கால்கள்தான் தெரியும். ஆரம்பத்தில் நான் 'இருந்தேன்' என்றுதான் சொன்னேன். அது எந்த வருடத்தில் 'பார்த்தேன்' என்று ஆனதோ, எனக்கே தெரியாது.

"தலையால," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

அவர் எழுத ஆரம்பித்தார். அச்சு மாதிரி கையெழுத்து. தாமதமாகப் புறப்பட்ட பஸ்ஸை ஒருநாளும் நேரத்துக்குப் போனதாக எழுதாதவர். நான் வாயில் வந்ததைச் சொல்ல, அது அந்த நோட்டில் போய் உண்மையாக உட்காரப் போகிறது.

"நிறுத்துங்க தம்பி! எழுதாதீங்க. நான் பார்க்கல."

"எதப் பார்க்கல?"

"ஒண்ணையும் பார்க்கல. ரெண்டு கோலுக்கும் கீழ ஐஸ் உடைச்சிக்கிட்டு இருந்தேன். மேல தடதடன்னு குதிச்சாங்க, அடுக்கி வச்ச டம்ளர் எல்லாம் ஆடுச்சு. அத வச்சுத்தான் கோல்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "அடிப்பாவி! என் பேரன் கல்யாணத்துல அந்தக் கோல காலால உதைச்சுல்ல நடிச்சுக் காட்டுன!"

அவர் சிரிக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடியே கேட்டார். "டம்ளர் எத்தன விழுந்துச்சு?"

"ஒண்ணுகூட விழல. அடுக்குனது நான்."

தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை மூடினார். கட்டத்தில் அதற்குள் ஒரு 'த' விழுந்திருந்தது. அதை அடித்துவிடச் சொன்னேன்.

"எழுதினத அடிக்கக் கூடாதுக்கா. டிப்போவுல அப்படித்தான். இருந்துட்டுப் போகட்டும்."

இப்போதும் அவர் நோட்டைத் திறந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும். அத்தனை பெரிய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு 'த'. டிக்கெட் வாங்கி மேலே உட்கார்ந்த அத்தனை பேரில் யாருக்கு ஓர் எழுத்தாவது கிடைத்தது?