சேதி வந்தபோது கையில் இருந்த துணி

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா காங்கேயத்தில் இறந்துபோனார். சூப்பர்வைசர் வந்து காதோரம் சொன்னபோது என் மெஷினில் ஒரு கட்டுத் துணி பாதியில் இருந்தது. அதைத் தைத்து முடித்து, அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிட்டுத்தான் எழுந்தேன். பத்து நிமிடம் இருக்கும். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கருமாதியில் யாரோ இதைப் பேச, தங்கை காதில் விழுந்துவிட்டது.

"அம்மா போன சேதி கேட்டும் பனியன் தெச்ச மகராசன்" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தாலும் என் மனைவியோடு மட்டும்தான் பேச்சு.

போன ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் நாடகம் போட ஏற்பாடு செய்தார்கள். செக்கிங்கில் வேலை செய்யும் திருநெல்வேலிப் பெண் எழுதியது. தம்பி விபத்தில் இறந்த சேதி ஒரு டெய்லருக்கு வருகிறது. அவர் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டதும் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார். ஒத்திகையை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே, மூஞ்சியே சரியில்ல? நல்லாயில்லையா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது அம்மிணி. ஆனா சேதி கம்பெனியில வரட்டுமுங்க. ஊட்டுல வந்தா யாரா இருந்தாலும் அழுகத்தான் செய்வாங்க."

"கம்பெனியில வந்தா அழமாட்டானாக்கும்?"

"கையில இருக்கற பீசை முடிப்பானுங்க."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. யாருக்கு நடந்தது என்று சொல்லாமல் மிச்சத்தையும் அவளிடம் சொன்னேன்.

பூஜை அன்று குடும்பத்தோடு வரலாம். என் மனைவி தங்கையையும் கூட்டி வந்திருந்தாள். பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு ஓட்டக் கூடாது. அதனால் சந்தனம் வைத்த நான்கு மெஷின்களில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் தைப்பது போல நடித்தார்கள். ஒருவர் தள்ள, அடுத்தவர் வாங்க, துணி வரிசையாக நகர்ந்தது. சேதி வந்தது. டெய்லர் எழவில்லை. பக்கத்து மெஷின்காரர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். இவர் கை தானாக ஓடியது. கட்டிலில் உட்கார்ந்து சேதி கேட்பவனுக்கு முன்னால் அப்படி ஒரு கை நீண்டிருக்காது. கூட்டத்தில் பொரி கொறிக்கிற சத்தமும் நின்றுவிட்டது. கடைசித் துணியைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தார். கால் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முடிந்து வண்டி எடுக்கப் போனேன். தங்கை பின்னாலேயே வந்தாள்.

"உங்களுக்கும் கால் நிக்கலீங்களாண்ணா?"

"நிக்கல கண்ணு. ரெண்டு பேர் புடிச்சுத்தான் வண்டியில ஏத்துனாங்க."

"அத எனக்கு யாருமே சொல்லலீங்கண்ணா."

நானும்தான் சொல்லவில்லை.

எழுதி முடித்தது: ஐப்பசி 11, ஞாயிற்றுக்கிழமை.