தோளில் பால்கறை

ஜூன் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சென்ற என்னைப் பயிற்சியாளர் வரவேற்கவில்லை. பொறுங்கள் என்பதுபோல் ஒற்றை விரலை மட்டும் உயர்த்தினார். நான்கு மாத மகளை மார்போடு நிமிர்த்திச் சாய்த்தபடி, பயிற்சிப் பள்ளியின் முற்றத்தில் இரண்டு கார்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். ஏப்பம் வந்தது, கூடவே பாலும் வந்தது. தோளில் கிடந்த துண்டைத் திருப்பி, உலர்ந்த பக்கத்தால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "இப்பச் சொல்லுங்க சார்" என்றார்.

மாணவர்கள் அவருக்கு இட்ட பெயர் 'மெதுவா மாஸ்டர்'. நெடிய உடல், ஒட்ட வெட்டிய தலை, எந்தச் சட்டை அணிந்தாலும் இடத்தோளில் வெளுத்த ஒரு திட்டு. அவர் காரில் ஏறினால் புளித்த பாலின் வாடையும் ஏறும். அதற்காக அவர் வருந்துவதில்லை. கண்ணாடியை இறக்கிவிடுவார், அவ்வளவுதான். பிரேக்கைப் பற்றி அவரிடம் ஒரே பாடம்தான் உண்டு: "பின்னாடி என் மக பால் குடிச்சிட்டு உக்காந்திருக்கான்னு நெனச்சு மிதிங்க. குலுக்குறது நீங்க, தொடைக்கிறது நான்."

ஒருமுறை சிவப்பு விளக்கில் வண்டியைச் சிறு அதிர்வுமின்றி நிறுத்தினேன். அவர் கை என் முதுகைத் தட்டத் தொடங்கியது. பாராட்டு என்று எண்ணினேன். விளக்கு பச்சையான பின்னும் தட்டிக்கொண்டிருந்தார். ஏப்பத்துக்குக் காத்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

மனைவி தையல் ஆலைக்குப் போய்விடுவதால், அவர் பாடம் நடத்தும் வேளைகளில் குழந்தை பள்ளியின் அலுவலக அறையில் அவருடைய அக்காவின் மடியில் இருக்கும். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் அக்கா. குழந்தை ஒரு வாய் கக்கினால் உடனே அடுத்த பாட்டிலை எடுப்பாள். வெளியே போனதை உள்ளே ஈடுகட்ட வேண்டும் என்பது அவள் எண்ணம். ஈடுகட்டக் கட்டக் குழந்தை இன்னும் கக்கியது. எதிர்வரிசை மருத்துவமனையின் செவிலியரோ, கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்து, குடித்தபின் நிமிர்த்தி வைத்திருக்கச் சொல்லியிருந்தார். "பச்சையா வந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, பீச்சியடிச்சாலோ உடனே ஓடி வாங்க. எடை ஏறிட்டு இருக்குற வரைக்கும் மத்ததெல்லாம் துணி தொவைக்கிற வேலைதான்."

அதன்படி மாஸ்டர் பாலின் அளவைக் குறைத்து, வேளைகளைக் கூட்டினார். அக்கா வெகுண்டாள்.

"டேய், பச்சப்புள்ளைய பட்டினி போடுறியேடா! கன்னத்தப் பாரு, காத்துப் போன பலூன் மாதிரி."

"கக்குற பிள்ளை தக்கும்னு நீதானே அக்கா சொல்லுவ?"

"அது ஊரார் பிள்ளைக்குடா! இந்தத் தடவை எடை ஏறலன்னா, இவள என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். லீவு நாள்ல வந்து பாத்துக்க."

"ஏறிடுச்சுன்னா?"

இளவயதில் ஒரு காரைச் சுவரில் மோதியதிலிருந்து ஸ்டியரிங்கையே தொடாதவள் அவள். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. "ஏறிடுச்சுன்னா உன் கார நான் ஓட்டிக் காட்டுறேன், போதுமா?"

மாஸ்டர் சிரித்தார். ஆனால் அந்த வாரம், குறுக்கே ஒரு நாய்கூட வராத வெறுஞ்சாலையில், பயிற்சிக் காரில் தம் பக்கமும் இருந்த பிரேக்கைத் திடீரென்று மிதித்தார். இருவரும் முன்னே சரிந்தோம்.

"என்ன மாஸ்டர்?"

"ஒண்ணுமில்ல சார். அக்கா சொல்றது சரியா இருந்துட்டா, எம்புள்ளைய நானேல்ல காயப் போட்டுட்டு இருக்கேன்?"

எடை பார்க்கும் நாளில் என் பாடம் அடுத்ததாக இருந்ததால் நானும் உடன் சென்றேன். செவிலியர் குழந்தையைத் தட்டில் கிடத்தினார். அக்கா முள்ளைப் பார்த்தாள். மாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

"நல்லா ஏறியிருக்கா. இப்படியே குடுங்க."

மாஸ்டர் அங்கிருந்த பெஞ்சில் அமர்ந்து மகளுக்குப் பால் கொடுத்தார்.

முற்றத்துக்குத் திரும்பியதும் அக்கா செருப்பைக் கழற்றினாள். ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியைப் பற்றினாள். அவள் வளையல்கள் தகரத்தில் பட்டுக் கிணுகிணுத்தன.

"சாவியக் குடு. சொன்னா சொன்னதுதான்."

மாஸ்டர் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு குழந்தையை அக்காவின் தோளில் சாய்த்தார்.

"ரெண்டு கையாலயும் நிமிர்த்திப் புடி அக்கா. இப்பத்தான் குடிச்சிருக்கா."