வெறுவயிறு

மருத்துவக் கல்லூரியில் நாலாம் வருடம் முடிந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் வந்துவிட்டேன் என்று தெரிந்தால் போதும், காலையிலேயே வாசல் படலையில் ஆட்கள் நிற்பார்கள். "பிள்ளை, உந்தக் குழாயை ஒருக்கா வைச்சுப் பார்." முழங்கால் நோவுக்கும் நெஞ்சில் குழாய் வைத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. அண்ணைக்கு இது பெரிய பகிடி. "ஆடும் ரெண்டு நாளாய்க் குழை தின்னேல்லை தங்கச்சி, அதுக்கும் ஒருக்கா வைச்சு விடு" என்பார். அப்பா இல்லாத வீட்டில் தோட்டமும் நாங்களும் அவர் பொறுப்பில் இருந்தோம். ஆனாலும் அவருக்குப் பகிடி குறையவில்லை.

அன்று காலை வெங்காயத்துக்கு இறைப்பு. அண்ணை துலா மிதித்தார். பக்கத்துத் தோட்டக்காரர், எங்களுக்குச் சித்தப்பா முறை, கீழே நின்று பட்டை பிடித்தார். துலா மிதிக்கிறவர் அந்த நீண்ட மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடக்க, பட்டை கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரோடு மேலே வரும். மார்கழிப் பனியில் மரம் ஈரமாக இருந்தது. அண்ணையின் கால் வழுக்கிவிட்டது. இடதுபக்க விலா கிணற்றுக்கட்டின் விளிம்பில் அடிபட விழுந்தார். கிணற்றுக்குள் விழாமல் தப்பியது முருகன் செயல் என்று சித்தப்பா சொன்னார். அண்ணை தானே எழும்பி, மண்ணைத் தட்டிக்கொண்டு, வீட்டுக்கு நடந்தே வந்தார்.

விறாந்தையில் சாய்ந்தவர் இடது தோளைத் தடவினார்.

"விலாவிலை அவ்வளவு இல்லை. தோள்மூட்டுத்தான் விண்விண் எண்டு நோகுது."

"மூட்டு விலகிப் போச்சு" என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "முறிவு வைத்தியரிட்டைக் கொண்டுபோவம். நோவெண்ணெய் போட்டுக் கட்டினால் நாளைக்கே துலா மிதிப்பான்."

நான் தோளைத் தொட்டுப் பார்த்தேன். அமத்தினால் நோவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன். ஒரு தடையும் இல்லாமல் தலைக்கு மேலே தூக்கினார். விலகிய மூட்டென்றால் அப்படித் தூக்க முடியாது. பாயில் படுக்க வைத்தேன். படுத்ததும் தோள்நோ கூடியது.

எனக்கு அப்போதுதான் மண்ணீரல் ஞாபகம் வந்தது. மண்ணீரல் கிழிந்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளே கசிந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையின் அடியில் போய்த் தேங்கும். அந்தத் தசைக்கு வருகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது. அதனால் வயிற்றுக்குள் நடக்கிற அநியாயத்துக்குத் தோள் அழும். புத்தகத்தில் படித்திருந்தேன். பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஒரு நோயாளியிலும் கண்டதில்லை. முதன்முதலாக என் அண்ணையில் கண்டேன்.

கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறியிருந்தது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. நாடி நூல்போல மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றில் கை வைத்தால் இறுகிக்கொண்டு வந்தது.

"பிள்ளை, தண்ணி விடாய்க்குது" என்றார்.

"இப்ப வேண்டாம் அண்ணை. அம்மா, இவருக்கு வாயிலை ஒண்டும் குடுக்கக் கூடாது. பச்சைத் தண்ணியும் கூடாது. வயித்தை வெட்ட வேண்டி வரும்."

சித்தப்பாவுக்குக் கோபம். "நோகிறது தோள். வெட்டுறது வயித்தையோ? நல்ல படிப்புத்தான்!"

அவரோடு வாதாட நேரமில்லை. சந்திக்கு ஓடி, வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அண்ணை அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தார். நான் நாடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். முருகா, ஒப்பரேஷன் தியேட்டர் மட்டும் உயிரோடு போய்ச் சேரட்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் தாமதிக்கவில்லை. பார்த்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்குத்தர் வந்து அம்மாவிடம் கேட்டார்.

"விழுந்தாப் பிறகு ஏதும் சாப்பிட்டவரோ, குடிச்சவரோ?"

"ஐயோ, இல்லை ஐயா. பிள்ளை சொன்னவள். பச்சைத் தண்ணியும் குடுக்கேல்லை."

அம்மா பொய் சொல்கிற ஆளில்லை.

முதலில் வெளியே வந்தவர் சத்திரசிகிச்சை டாக்குத்தர். "மண்ணீரல்தான். எடுத்தாச்சு, ரத்தமும் நிண்டிட்டுது. நீரோ கண்டுபிடிச்சது? கெட்டிக்காரி." நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். அண்ணை பிழைத்துவிட்டார், என் படிப்பு அவருக்கு உதவிவிட்டது என்று வெளியே போட்டிருந்த மரவாங்கில் உட்கார்ந்து பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பிறகு மற்ற டாக்குத்தர் வந்தார். அவர் முகம் சரியில்லை.

"மயங்கின உடனை சத்தி எடுத்தவர். வயித்திலை கிடந்தது மேலை வந்து, மூச்சோடை நெஞ்சுக்குள்ளை போயிட்டுது. உறிஞ்ச உறிஞ்ச மஞ்சளாய் எண்ணெய் வருது. என்ன குடுத்தனீங்கள்?"

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"முட்டையும் நல்லெண்ணெயும்தானே" என்றார் அம்மா. "நீ காருக்குப் போன நேரம் அடிச்சுக் குடுத்தனான். விழுந்தவனுக்கு உள்நோவுக்குக் குடுக்கிறதுதானே. அது மருந்தெல்லோ பிள்ளை, சாப்பாடே?"

எங்கள் ஊரில் அடிபட்டவருக்கு அதைக் கொடுக்காத தாய் இல்லை. பச்சை முட்டையை நல்லெண்ணெயில் அடித்துக் கொடுத்தால் உள்ளே கன்றிப்போனது ஆறும் என்பார்கள். தெரிந்திருந்தால் முதலில் குழாய் விட்டு வயிற்றை வெறுமையாக்கியிருப்பார்கள். டாக்குத்தர் கேட்டது சரி. அம்மா சொன்னதும் அவருக்குச் சரி. அந்த இரண்டு சரிகளுக்கும் நடுவில்தான் என் அண்ணை போனார்.

உடனே போகவில்லை. காய்ச்சல் வந்தது. மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாய்ந்தது. கட்டிலோரம் நின்று அவர் நெஞ்சில் குழாய் வைத்தேன். பகிடி பண்ண அவரிடம் மூச்சு இல்லை. ஒருமுறை கையை மட்டும் அசைத்து, போதும் என்பதுபோலக் குழாயைத் தள்ளிவிட்டார். ஏழு நாள்கூட ஆகவில்லை, அந்தக் கிழமை முடிய முன்னம் போய்விட்டார்.

பிற்காலத்தில் வார்டில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, 'சாப்பிட்டவரோ?' என்று மட்டும் கேட்க அவர்களை நான் விட்டதில்லை. "வாய்க்குள்ளை என்னென்ன போனது எண்டு கேளுங்கோ. கசாயம், எண்ணெய், சோடா, கோயில் தீர்த்தம் எல்லாத்தையும் பேர் சொல்லிக் கேளுங்கோ" என்பேன். சிலர் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். காரணத்தை மட்டும் சொன்னதில்லை.

அண்ணையின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அன்று, வந்த சனம் போனபிறகு, அம்மா என் பக்கத்தில் வந்து இருந்தார். அந்த முப்பத்தொரு நாளும் அவர் சரியாகக் கதைக்கவில்லை.

"அண்டைக்கு நான் அந்த முட்டையும் நல்லெண்ணெயும் குடுத்தபடியால்தான், பிள்ளை, அவன் அந்தக் கிழமையாவது தாக்குப்பிடிச்சவன். என்ன?"

"ஓம் அம்மா" என்றேன்.