வசூல்காரரின் இரண்டு குரல்

கிரெடிட் கார்டை முடித்து, வெட்டியும் போட்ட பிறகு, வருடச் சார்ஜ் பாக்கி என்று கூடலூரில் எங்கள் வாசலுக்கு ஒரு வசூல்காரர் வர ஆரம்பித்தார். ஹெல்மெட் அழுத்திய தழும்பு நெற்றியில் இருக்கும். ஏலத்தோட்டத்துப் பெண்கள் தெருமுனையில் ஜீப்புக்கு நிற்கிற நேரம் பார்த்துத்தான் வருவார். பைக்கை விட்டு இறங்காமல் என் பெயரைச் சொல்லிக் கத்துவார்.

"கார்டுதான் முடிச்சாச்சே. பேங்க்ல போய்க் கேளுங்க" என்றேன் ஒருநாள்.

"தேய்க்கத் தெரிஞ்சுச்சுல்ல, கட்டத் தெரியாதா?"

பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உடனே அவர் வாசலில் நின்ற என் மனைவியிடம், தெருவுக்குக் கேட்காத குரலில், "ஆத்தா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். கொடுத்தாள். அண்ணாந்து குடித்துவிட்டு, செம்பைப் பணிவாக நீட்டிவிட்டு, மறுபடி கத்த ஆரம்பித்தார்.

கத்தியதைக்கூட மறந்துவிடுவேன். மெதுவாகப் பேசவும் அவருக்குத் தெரியும் என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.