பருந்துசாமி கோயிலைப் பார்த்து வந்தவர்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், கச்சிராயபாளையம் பக்கத்து ஊர் ஒன்றின் கோயில் தர்மகர்த்தா. எகிப்து போய் வந்த புதிது. சாம்பார் வருமுன்பே கைப்பேசியை நீட்டினார். எல்லாப் படத்திலும் அவரே முன்னால் நின்றதால், கோயிலை அவர் தோளுக்கு மேலேதான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

பருந்துமுகச் சாமியின் கோயிலாம். வாசலில் மலைபோல் இரண்டு கோபுரங்கள். உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்து, இருட்டு கூடி, கடைசியில் கருவறை.

“ரெண்டாயிரம் வருசமாச்சிங்க. செவுத்துல எழுத்து அப்படியே கீது. இன்னா காரணம் தெரியுமா? மணலு. கோயிலயே மணலு மூடிக்கினு இருந்திச்சி. அது மேல வூடு கட்டிக்கினு இருந்தாங்களாம்.”

“உங்க கோயில் சுவரிலும் கல்வெட்டு இருந்ததே, முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன்?” என்றேன்.

“அழுக்கா இருந்திச்சிங்க. கும்பாபிசேகத்துக்கு டைல்ஸ் ஒட்டிட்டேன். மணலு நம்ம லாரிதான். ஆத்துல கடைசியா அள்ளின லோடு, அதோட அங்க மணலே தீந்துபோச்சி.”

“கல்வெட்டு போய்விட்டதே.”

“எங்க போச்சி? உள்ளதான கீது. அங்க மாதிரியே பின்னால எவனாச்சும் தோண்டிப் பாத்துக்கட்டும்.”

பாயசம் வந்தது. கண்ணை மூடிச் சாமியை நினைத்துவிட்டுக் குடித்தார். அந்த முகத்தில் வெட்கத்தைத் தேடினேன், பக்திதான் இருந்தது. அதுவும் உண்மையான பக்தி. அதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.