மருந்தடிக்க வந்த ஜீப்

நேற்று எங்கள் தெருவில் கொசு மருந்து அடித்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், ஏலப்பாறைக்கு மேலே இன்று சுவடே இல்லாமல் போன எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளும், எழுபதுகளில் மழை தொடங்கும்போதெல்லாம் அங்கே வந்து நின்ற அரசாங்க ஜீப்பும், அதில் வந்தவர்கள் அதட்டியதும் பானை சட்டி, பாய், அரிசி எல்லாவற்றையும் வெளியே தூறலில் எடுத்துவைத்த அம்மாவும் நினைவில் எழ, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வருஷம் கைக்குழந்தையான தம்பிக்கு இழுப்பு. உள்ளே சுவரெல்லாம் மருந்து வெள்ளையாய் வழிய, அவனைக் கம்பளிக்குள் பொதிந்து சாரலில் நின்ற அம்மா, "ஐயா, புள்ளைக்கு மூச்சு முட்டுது. போற வழிதான, ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுருங்க" என்று கெஞ்சினாள்.

"இது மருந்தடிக்கிற வண்டியாக்கும் சேச்சி. ஆஸ்பத்திரி வேற டிபார்ட்மென்ட்" என்றார் ஜீப்பில் வந்த மலையாளி இன்ஸ்பெக்டர்.

"கொசுவுக்கு ஒரு டிபார்ட்மென்ட் வச்சிருக்கீகளே, எம் புள்ளைக்கு எந்த டிபார்ட்மென்ட்டுய்யா?"

அவர் வேலை முடிந்ததற்கு அடையாளமாக எங்கள் கதவில் காவியால் தேதி எழுதினார். ஜீப் காலியாகவே இறங்கிப் போனது. தம்பி அந்த வாரமே போய்விட்டான்.

அடுத்த மழைக்கும் அவரே வந்தார். "வீட்ல யாருக்காவது காய்ச்சல் உண்டோ சேச்சி?"

பழைய காவி எழுத்து அவர் முகத்துக்கு நேரே வரும்படி அம்மா கதவை அறைந்து சாத்தினாள்.